பிள்ளையைத் தடுக்காதீங்க, தயார் செய்து அனுப்புங்க

(புதுச்சேரியில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம புதுச்சேரி மக்களுக்கு வாயில்லாத ஜீவன் மேல் பாசம் அதிகம். மணக்குள விநாயகர் கோவில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறந்தபோது ஊரே கூடி அழுததை மறந்திருக்க மாட்டீங்க. ஆனால் பாசம் வேறு, பராமரிப்பு வேறு. பராமரிப்பு என்பது தினமும் செய்கிற வேலை. அந்த வேலையைச் செய்ய ஒரு வயசுப் பிள்ளை தானாக முன்வந்தால் நாம் என்ன சொல்கிறோம்?

போன கூட்டத்தில் ஒரு சகோதரி இதைத்தான் கேட்டார். "என் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா. லீவுல டவுன்ல இருக்கிற பிராணிகள் காப்பகத்துல போய் உதவி செய்யறேங்கறா. சம்பளம் எதுவும் கிடையாதாம். நாய் கடிச்சா யாரு பதில் சொல்றது? அனுப்பலாமா, வேணாமா?" இங்கே பாதிப் பேர் "வேணாம்" என்றுதான் தலையாட்டினீங்க. பயம் நியாயமானதுதான். வெறிநோய் முற்றி அதன் அறிகுறி தெரிந்துவிட்டால் ஆளைக் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. ஆனால் அந்தப் பயத்துக்காகத்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்று நான் சொல்கிறேன். ஏன் என்று கேளுங்க.

மனிதருக்கு வரும் வெறிநோயில் 100க்கு 99 நாயிடமிருந்துதான் வருகிறது. வெறிநாய் என்று சந்தேகப்படும் விலங்கிடம் கடிபடுபவர்களில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தெருவில் விளையாடுவது நம்ம பிள்ளைகள்தானே? இதைத் தடுக்க வழி இருக்கிறது. ஒரு ஊரில் உள்ள 100 நாய்களில் 70க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது அறுந்துவிடும். தடுப்பூசி அரசு தரும், டாக்டர் போடுவார். எந்தத் தெருவில் எத்தனை நாய், எது குட்டி போட்டிருக்கிறது, எது கிட்டே வரும் என்று தெரிந்த ஆள் வேண்டுமே! சோறு வைக்கிற கைக்குத்தான் நாய் வரும். அந்தக் கை இந்த மாதிரிப் பிள்ளைகளுடைய கைதான்.

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். விமானியாக இருந்த கேப்டன் சுந்தரம் 1959இல் புளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கினார். நாயைக் கொல்வதால் நாய்த்தொல்லை குறையவில்லை, கருத்தடை செய்து தடுப்பூசி போடுவதே வழி என்று அவர் மகன் சின்னி கிருஷ்ணா 1964 முதல் சொல்லி வந்தார். அப்போது அவர் இளைஞர். மாநகராட்சி ஒப்புக்கொண்டு தென்சென்னையில் தொடங்கியது பல ஆண்டுகள் கழித்துத்தான். 2001இல் அதுவே நாடு முழுவதற்கும் விதியானது. 2023இல் புதிய விதிகளும் வந்துவிட்டன. ஒரு இளைஞரின் பிடிவாதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

சரி, அனுப்புவது என்றால் எப்படி அனுப்புவது?

முதலில் தடுப்பூசி. கடித்த பிறகுதான் ஊசி என்று நினைக்க வேண்டாம். விலங்குகளோடு வேலை செய்பவர்களுக்கு முன்கூட்டியே போடும் வெறிநோய்த் தடுப்பூசி இருக்கிறது. டாக்டரிடம் கேட்டு, அவர் சொல்கிற நாட்களில் போட்ட பிறகே வேலையில் சேரட்டும். டெட்டனஸ் ஊசியும் போட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது, நீங்களே ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பொறுப்பாளர் யார், டாக்டர் எப்போது வருவார், பெண் பிள்ளைகள் எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று கேளுங்கள். இரண்டு பேராக அனுப்புவது நல்லது.

மூன்றாவது, முதல் நாளே நாயைத் தூக்கிக் கொஞ்சுகிற வேலை இல்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். கூண்டு கழுவுவது, தட்டு தேய்ப்பது, கஞ்சி வைப்பது, நோட்டில் எழுதுவது, இப்படித்தான் ஆரம்பிக்கும். புதிதாக வந்த நாயைப் பெரியவர்கள் சொல்லாமல் தொடக்கூடாது. கையில் புண் இருந்தால் உறை போடணும். காலில் மூடிய செருப்பு வேணும். வீட்டுக்கு வந்ததும் சோப்பு போட்டுக் குளித்து, துணியைத் தனியாகத் துவைக்கணும். சொறியும் படர்தாமரையும் ஒட்டிக்கொள்ளும்.

நான்காவது, இதை எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். நாய் கடித்தாலும் கீறினாலும், புண்மேல் நக்கினாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவணும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. உடனே அரசு மருத்துவமனைக்குப் போகணும். தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசியெல்லாம் பழைய கதை. இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் நாள், 3, 7, 28ஆம் நாள் என்று கணக்கு. காயம் ஆறிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் ஆபத்து. முன்கூட்டியே ஊசி போட்டவரும் கடிபட்டால் மறுபடி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

"இதனால என் பொண்ணுக்கு என்ன லாபம்?" என்று கேட்பீங்க. நம்மில் பலர் குழுக் கடனில் மாடும் ஆடும் வாங்கியிருக்கிறோம். மாடு இரை எடுக்காமல் நின்றால் பக்கத்து வீட்டு யோசனையைக் கேட்டு ஒருநாள் தள்ளிப்போடுகிறோம். காய்ச்சல் பார்க்கவும், காயத்துக்குக் கட்டுப் போடவும், டாக்டரிடம் விவரமாகச் சொல்லவும் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் கடனில் வாங்கிய மாடு தப்பிக்கும். ஆர்வம் நிலைத்தால் படிப்பும் இருக்கிறது. குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி பெயரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்த பிள்ளைகள் சென்டாக் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கணும்.

கடைசியாகக் குழுக்களுக்கு ஒரு வேலை. வெறிநோய்த் தடுப்பூசியை முதன்முதலில் 1885இல் மனிதருக்குப் போட்டவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி லூயி பாஸ்டர். அவர் இறந்த செப்டம்பர் 28ஐ உலக வெறிநோய் தினமாக வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஒவ்வொரு குழுவும் தன் தெருவில் உள்ள நாய்களை எண்ணி எழுதுங்கள். எண்ணுகிற வேலையை ஆர்வமுள்ள பிள்ளைகளிடம் கொடுங்கள். தள்ளி நின்று எண்ணினால் போதும், தொட வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, கொம்யூன் பஞ்சாயத்துக்கும் கால்நடைத் துறைக்கும் மனு கொடுத்து முகாம் கேளுங்கள். எண்ணிக்கையோடு போகிற மனுவைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.