வாந்திபேதியும் ஊர்க்கிணறும்

(அனுமந்தையில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கொள்ளைநோயும் சமூகமும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. பிளேக், அம்மை, காலரா, கொரோனா என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் விடிந்துவிடும். நான் டாக்டரும் இல்லை. பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணுகிறவன், எப்பவாவது கவிதை எழுதுகிறவன். அதனால் ஒரே ஒரு நோயைப் பிடித்துக்கொள்கிறேன். வாந்திபேதி.

நம்ம வசவுகளில் அது இன்னும் உயிரோடு இருக்கு. 'பேதியில போவ', 'காலராவுல போவ' என்று ஆயாக்கள் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். காலையில் நன்றாக இருந்தவன் சாயங்காலம் பிணமாவதைப் பார்த்த வாய்தான் அப்படித் திட்டும். அந்த நோய் காற்றில் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் வருவதில்லை. பீ கலந்த தண்ணியில் வருது. யார் எந்தக் கிணற்றில் மொள்ளலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கிற நாட்டில், தண்ணியில் வருகிற நோய் சும்மா வருமா?

1817இல் வங்காளத்தில் ஜெஸ்ஸூர் பக்கம் கிளம்பிய காலரா, வெள்ளைக்காரப் பட்டாளத்தோடும் வியாபாரக் கப்பல்களோடும் போய் உலகத்தைச் சுற்றியது. கெட்ட காற்றால் வருது என்றுதான் ஐரோப்பாவில் ரொம்ப நாள் நம்பினார்கள். 1854இல் லண்டனில் ஜான் ஸ்நோ என்கிற டாக்டர், செத்தவர்கள் வீட்டையெல்லாம் கணக்கெடுத்து, பிராட் தெருவில் இருந்த ஒரு பம்பைச் சுட்டிக்காட்டினார். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் குறைய ஆரம்பித்திருந்தது என்பதும் உண்மைதான். ஆனாலும் தண்ணிதான் காரணம் என்கிற வாதத்துக்கு அந்தக் கணக்கு அஸ்திவாரம் ஆயிற்று. 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணியிலேயே கிருமியைக் காட்டினார்.

அங்கே நோயை நிறுத்த ஒரு பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். நம்ம ஜனத்துக்கோ நல்ல தண்ணிக் கிணற்றின் கைப்பிடி எப்பவுமே கழற்றித்தான் வைக்கப்பட்டிருந்தது. ஊர்க்கிணற்றண்டை போக முடியாதவன் குட்டையில் மொண்டான், மாடு குளிப்பாட்டுகிற ஏரி ஓரம் மொண்டான். பேதி வந்தது. அதற்கப்புறம் ஊர் என்ன சொல்லிற்று? 'நோய் சேரியிலேர்ந்துதான் வருது' என்றது. பிணத்தைத் தூக்கவும் புதைக்கவும் மட்டும் அதே சேரியைக் கூப்பிட்டது.

நம்ம பக்கத்துக் கதைக்கு வருகிறேன். பக்கிங்காம் கால்வாய் தெற்கே நம்ம மரக்காணத்தண்டைதான் வந்து முடியுது. தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லும் 1876-78 பஞ்சத்தில், சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பகுதியை வெட்டியது பஞ்ச நிவாரணக் கூலிகள். பேரு மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு. அந்தச் சமயத்தில் வைஸ்ராய் அனுப்பி வந்த ரிச்சர்ட் டெம்பிள் என்கிற அதிகாரி, நாள் முழுக்க உடம்பால் உழைக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தான். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. சென்னை மாகாணச் சுகாதார கமிஷனர் கார்னிஷ், இது மனுஷன் உயிரோடிருக்கப் போதாது என்று எதிர்த்தார். அவரும் வெள்ளைக்காரர்தான். சில மாதம் கழித்துத்தான் கூலி மாறியது. ஒட்டிப்போன உடம்புகளை ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் குவித்து, கிடைத்த தண்ணியைக் குடிக்கவிட்டால் என்ன ஆகும்? 1877இல் இந்த மாகாணத்தில் காலரா லட்சக்கணக்கில் கொன்றது. நிலம் இல்லாதவனும் சேரிக்காரனும்தான் முதலில் கூலி முகாமுக்குப் போனவன். கணக்கில் அவன் வெறும் எண்ணிக்கை.

தண்ணிக்கான சண்டையையும் நம்மவர்கள்தான் போட்டார்கள். 1924இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1927 மார்ச் 20ஆம் தேதி மகாத்தில் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணி குடித்தார். மாடும் நாயும் குடித்த குளம் அது. மனுஷன் குடித்ததும் தீட்டாயிற்று. சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? சாணம், மூத்திரம், பால், தயிர் எல்லாம் 108 குடத்தில் கொண்டுவந்து, மந்திரம் ஓதிக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணினார்கள். காலராவுக்குக் காரணம் தண்ணியில் கலக்கும் கழிவு என்று உலகத்துக்குத் தெரிந்து நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. இவர்கள் குடிக்கிற தண்ணியில் சாணத்தைக் கரைத்தார்கள். சுத்தத்துக்கும் தீட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? தண்ணியில் என்ன கலந்தது என்று நோய் பார்க்கும். யார் தொட்டான் என்று தீட்டு பார்க்கும். தீண்டாமை அந்தக் காலத்துச் சுகாதார ஏற்பாடு என்று இன்றைக்கும் படித்தவர்கள் பேசுகிறார்கள். என் ஆபீசிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் மகாத் குளத்தைப் பற்றிக் கேளுங்கள்.

இங்கே உப்பைப் பற்றி ஒரு சேதி. 1971 வங்கதேசப் போரில் அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு ஓடிவந்தார்கள். பாங்கான் முகாமில் காலரா. ஊசியில் ஏற்றுகிற சலைன் தீர்ந்துபோச்சு. திலீப் மஹாலனபிஸ் என்கிற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணியில் கரைத்து, அகதிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த முகாமில் சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று. வீட்டிலேயே செய்யலாம்: ஒரு லிட்டர் நல்ல தண்ணி, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு நம்மிடம் மலையாகக் குவிந்து கிடக்கு. நம்மிடம் இல்லாதது அந்த ஒரு லிட்டர் நல்ல தண்ணி. வெயிலில் உப்பு வாருகிற பெண்கள், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே இருக்கிற தண்ணியையும் குடிக்காமல் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவைக் கேளுங்கள்.

2020இல் கொரோனா வந்தபோது 'சமூக இடைவெளி' என்றார்கள். இரண்டு உடம்புக்கு நடுவில் ஆறடி விடு என்று சொல்வதற்கு, எத்தனையோ நூறு வருஷமாக ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருப்பதன் பேரை எடுத்து வைத்தார்கள். சொல்லில் வேலை செய்கிறவன் என்பதால் எனக்கு அது உறுத்திற்று. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஜன்தன் கணக்கில் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் போட்டார்கள். பேங்க் வாசலில் சுண்ணாம்பில் வட்டம் போட்டு நிற்க வைத்தோம். ஒரு வட்டத்துக்குள் நின்ற கிழவி என்னைப் பார்த்து, 'தள்ளி நில்லுன்றது எங்களுக்குப் புதுசா சாமி?' என்றாள். மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர்கள் விழுப்புரம், கடலூர், அரியலூர் என்று ஊர் திரும்பியபோது 'கோயம்பேடு கேஸ்' என்று ஒரு பேரே வந்தது. சென்னைக்குச் சோறு போட்டவன் ஒரே வாரத்தில் கிருமி ஆனான்.

இதெல்லாம் முடிந்த கதை இல்லை. 2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போக, தண்ணியைப் பாருங்கள் என்று டாக்டர் சொன்னார். தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம். கலெக்டர் போனபோது டீக்கடையில் இரட்டைக் குவளையும் கோயிலில் நுழையத் தடையும் சேர்ந்தே வெளிவந்தன. 2025 ஜனவரியில் சிபிசிஐடி, அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை போட்டது. அந்த ஜனம் ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை வேண்டும் என்று இயக்கங்கள் கேட்டன. யார் செய்தது என்பது கோர்ட்டில் தீரட்டும். தண்ணி கெட்ட சேதி குழந்தைகளின் வயிற்றைக் கேட்டுத்தான் தெரிந்தது என்பது என்னைத் தூங்கவிடவில்லை. நோய் வந்த பிறகு தண்ணியைப் பார்ப்பது என்ன முறை?

மாணவர்கள் இருக்கிறீர்கள், ஒரு வேலை சொல்கிறேன். குழாய்த் தண்ணியில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதைப் பார்க்கிற சின்னப் பெட்டி விலைக்குக் கிடைக்குது, சொட்டு விட்டால் நிறம் மாறும். ஊர்த்தெருவிலும் காலனியிலும் ஒரே நாளில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். தொட்டி கடைசியாக எப்ப கழுவியது என்று பஞ்சாயத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

கேள்வி இருந்தால் கேளுங்கள் தோழர்களே. முதலில் பெண்கள் பக்கம் இருந்து வரட்டும்.