ஓங்கில்களுக்கு ஓர் ஏடு

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து மேற்குக் கரையிலே சரசோட்டா என்றொரு விரிகுடா உண்டு. ஆழம் குறைந்த நீர்; கரை நெடுக வீடுகள்; ஓயாத படகுப் போக்குவரத்து. இத்தனை ஆரவாரத்தின் நடுவே ஏறக்குறைய 170 டொல்பின்கள், அதாவது கரையோர மக்கள் ஓங்கில் என வழங்கும் பிராணிகள், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை விஞ்ஞானிகள் பெயர் சொல்லி அறிவர். ஆள் அறிவது போல ஓங்கிலை அறிதல் எங்ஙனம் கூடும் என்று நேயர்கள் வினவலாம். அதற்கு விடை ஒரு நூல்நிலையத்தில் இருக்கிறது.

1955ஆம் ஆண்டில் யூஜெனி கிளார்க் என்னும் பெண் விஞ்ஞானி அக்கரையிலே ஒரு சிறு கடலாய்வுகூடத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் மோட் கடலாய்வுகூடம் எனப் பெயர் பெற்றது அதுவே. நூல்களும் ஆய்வறிக்கைகளும் நிறைந்த நூல்நிலையம் ஒன்று அங்கே ஆர்தர் வைனிங் டேவிஸ் என்பவரின் பெயரால் விளங்குகின்றது. ஆயினும் ஓங்கில்களைப் பொறுத்தவரை, அங்குள்ள பெரிய நூல்நிலையம் அச்சிட்ட நூல்களால் ஆனதன்று. ஒளிப்படங்களாலும் கடற்குறிப்புகளாலும் ஆனது.

ஓங்கில் மூச்சுவிட மேலெழும்போது அதன் முதுகுத்துடுப்பு நீருக்கு வெளியே தோன்றும். சுறாவின் கடி, தன்னினத்தாரின் பற்கீறல், படகின் உராய்வு முதலியவற்றால் அத்துடுப்பின் விளிம்பிலே வடுக்கள் விழுகின்றன. ஒன்றன் வடு மற்றொன்றுக்கு வாய்ப்பதில்லை. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ அப்படி. படகிற் செல்வோர் அத்துடுப்பைப் படமெடுத்துப் பழைய படங்களோடு ஒப்பிட்டு இன்னாரென்று தெளிகின்றனர். பின்னர் நாள், இடம், உடன் நீந்தியவை, தாயோடு குட்டி உண்டா என்பனவற்றை எழுதி வைக்கின்றனர்.

இவ்வாய்வு 1970இல் பிளெயர் இர்வைன் என்பவரால் தொடங்கப்பெற்றது. அன்று கேள்வி மிக எளியது: இவை இங்கேயே வாழ்பவையா, வந்து போகின்றவையா? அப்போது உதவிக்கு வந்த பாடசாலை மாணவன் ரண்டால் வெல்ஸ் பிற்காலத்தில் அவ்வாய்வின் தலைவரானார். இங்கேயே வாழ்பவைதாம் என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. கேள்வி தீர்ந்தது, ஏடு மூடப்படவில்லை. அதுவே நல்லதாய் முடிந்தது.

ஏனெனில், ஒரு நாட்குறிப்பு தனித்துச் சொல்வது சொற்பமே. ஐம்பது ஆண்டுக் குறிப்புகள் சேரும்போது ஐந்து தலைமுறை ஓங்கில்களின் வரலாறு வெளியாகின்றது. நிக்லோ எனப் பெயர் பெற்ற ஒரு பெண் ஓங்கில் 1950 அளவிலே பிறந்தது. 66 வயதிலும் அவ்விரிகுடாவில் காணப்பட்டது. பீ.சீ.பீ. எனப்படும் கைத்தொழில் நச்சுப் பொருள்கள் தாயின் கொழுப்பிலே தங்கி, பாலின் வழியே குட்டியைச் சேர்கின்றன. பெரும்பங்கைப் பெறுவது தலைக்குட்டியே. தலைக்குட்டிகள் மற்றவற்றினும் மிகுதியாய் மடிவதும் உண்டு. எது தலைக்குட்டி என்று குருதிச் சோதனை கூறாது. ஏடு மட்டுமே கூறும்.

ஒலிகளுக்கும் அங்கே ஒரு சேமிப்பு உண்டு. ஒவ்வோர் ஓங்கிலும் தனக்கே உரிய சீழ்க்கை ஒன்றை உடையது என்பதைக் கால்ட்வெல் தம்பதியர் 1965இல் வெளியிட்டனர். சரசோட்டாவில் 1975 தொடக்கம் அச்சீழ்க்கைகளைப் பதிவு செய்து வந்தனர். குட்டியோடிருக்கும் தாய் தன் சீழ்க்கையின் சுருதியை உயர்த்துகின்றது என்பது 2023இல் அப்பதிவுகளிலிருந்தே அறியப்பட்டது. குழந்தையோடு பேசும் தாய்மாரின் குரலை யார்தான் அறியார்!

இவ்வறிவு ஆய்வுகூடத்துக்குள் அடைபட்டிருந்தால் ஓங்கில்களுக்கு அதனால் ஆவது குறைவு. ஆகவே ஆண்டுதோறும் ஒரு செய்தி மடலும் பொதுமக்களுக்காக வெளியிடுகின்றனர். துடுப்பு வடுக்களே அதன் பெயருக்கும் பொருள். எனினும் மக்கள் மனத்தில் மிக ஆழமாய்ப் பதிந்தது ஒரு தனி ஓங்கிலின் கதைதான்.

அதனைப் ‘பெக்கர்’ என்றழைத்தனர். பிச்சைக்காரன் என்பது பொருள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பாலத்தின் அண்மையிலே படகுகளை அணுகி உணவு கேட்டு வந்தது. 2011இல் ஆய்வாளர் ஏறக்குறைய 100 மணி நேரம் அதனைக் கவனித்தனர். அந்நேரத்துள் 169 முறை மக்கள் அதற்கு உணவூட்ட முயன்றனர். 121 முறை தொட முயன்றனர். ஒன்பது பேர் கடியும் பட்டனர். கொடுத்தவற்றுள் இறாலும் கணவாயும் மட்டுமன்றிப் பழமும் பியரும் இருந்தன. காட்டு ஓங்கிலுக்கு உணவூட்டல் அந்நாட்டிலே சட்டவிரோதம். கொடுத்தவர் கொடியவர் அல்லர். அன்பென்றே எண்ணிக் கொடுத்தனர். 2012 செப்டெம்பரில் அது இறந்து மிதந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது தூண்டில் முட்களும், தங்கூசியும், திருக்கை முட்களும் காணப்பட்டன. உடலிலே படகு மோதிய காயங்களும் இருந்தன.

தூண்டிற்காரரிடம் ஆய்வாளர் கேட்பன பெரிய காரியங்கள் அல்ல. ஓங்கில் அருகே வந்தால் தூண்டிலை இழுத்துக்கொள்ளுங்கள், வேறிடம் செல்லுங்கள், அறுந்த தங்கூசியை நீரில் எறியாதீர்கள், மீந்த இரையைக் கொடுக்காதீர்கள். கேட்பவர் சிலர், கேளாதவர் சிலர். கடலில் மீன் குன்றும் காலங்களில் ஓங்கில்கள் தூண்டில்களை மிகுதியாக நாடுகின்றன. 2005இல் நச்சுப்பாசி பெருகி மீன்கள் மடிந்த பின்னர் அவ்வாறே நிகழ்ந்தது.

பிறந்த குட்டியின் துடுப்பிலே வடு ஏதும் இராது. ஆகவே முதலிலே அதற்கு ஏட்டில் தனிப் பக்கம் வாய்ப்பதில்லை. தாயை அடையாளங்கண்டு, அருகே நீந்தும் சிறியதை அதன் குட்டியென்று எழுதி வைப்பர். சில ஆண்டுகள் சென்று, தாயைப் பிரிந்து தனித்துத் திரியும் நாட்களில், எங்கோ ஒரு கீறல் விழுகின்றது. அப்போது அதற்கு வேறு பக்கம் திறக்கின்றனர்.