சர்க்கரை வியாதி பணக்காரன் வியாதியா?

(போனக்காட்டில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உட்கார்ந்து தின்கிறவனுக்கு வருவது சர்க்கரை வியாதி, மலை ஏறிக் கொழுந்து பறித்த நமக்கு அது எங்கே வரப்போகிறது?" என்று லயங்களில் ஒரு பேச்சு உண்டு. ஒரு காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. இன்று ஏன் இல்லை என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அது தசைக்குள் போனால்தான் உழைக்கத் தெம்பு. தசையின் கதவைத் திறக்கச் சொல்லும் ஆணைதான் இன்சுலின். அதைச் சுரப்பது இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம். சிலருடைய தசையும் ஈரலும் இந்த ஆணைக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். (எதிர்ப்பு என்றதும் நம் சங்கத் தோழர்கள் மகிழ வேண்டாம்!) ஆள் வேலை செய்யாவிட்டால் கங்காணி உரக்கக் கத்துவதுபோல, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. இப்படிப் பல ஆண்டுகள் ஓவர்டைம் பார்க்கிறது. அந்த ஆண்டுகளில் நமக்கு வலியில்லை, மயக்கமில்லை. கணையம் களைத்த பிறகே இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. நீரிழிவுக்காரர்களில் ஒரு சாராருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை என்பதை இங்கிலாந்து மருத்துவர் ஹிம்ஸ்வர்த் 1936-லேயே எடுத்துக்காட்டினார்.

உழைக்கும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பெரட்டு முடிந்து மாலைவரை கூடையோடு சரிவில் நின்ற நம் பெண்களை அதுதான் காத்தது. நிர்வாகம் கைவிட்டது, ஆலை நின்றது, சம்பளமும் நின்றது. உழைப்பு போயிற்று, சோறும் மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரை போட்ட கட்டன் சாயாவும் மிஞ்சின. பருப்புக்கும் மீனுக்கும் காசு வேண்டும், பசியை மலிவாக அடக்குவது மாவுப்பொருள்தான். இதைச் சோம்பேறித்தனம் என்று எவராவது சொன்னால் நாம் ஒப்பக்கூடாது.

இன்னொன்று. தாய் அரைவயிற்றோடு சுமந்து, எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்குப் பின்னாளில் இந்த வியாதி வரும் வாய்ப்பு அதிகம். ஆள் ஒல்லியாக இருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளுவது நம்மவர் உடல்வாகு. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் கவனிக்க வேண்டும். பிடரியில் தேய்த்தாலும் போகாத கறுப்புப் படர்ந்தால் அது அழுக்கல்ல. இன்சுலின் எதிர்ப்பின் அடையாளமாக இருக்கலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அதன் வாசலில் நிற்பவர் 13 கோடிக்கும் மேல். கேரளத்தில் நூற்றுக்கு 25 பேருக்கு இந்த வியாதி.

வாசலிலிருந்து திரும்பி வர முடியுமா? முடியும். சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் அப்படி வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். முடிவு 2006-இல் வந்தது. வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவில் விழுந்தார்கள். தினம் அரைமணி வேகமாக நடந்து, உணவை மாற்றியவர்களில் 39 பேர்தான். மாத்திரை கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே கணக்கு. சாயாவில் சர்க்கரையை விடுவதற்கும், சோற்றைக் குறைத்துக் கீரையும் பயறும் கூட்டுவதற்கும் கம்பெனியின் அனுமதி வேண்டாம்.

ஆனால் சோதனை வேண்டுமே! தோட்டத்தில் மருத்துவ வசதி தருவது முதலாளியின் கடமை என்றது 1951-ஆம் ஆண்டுச் சட்டம். முதலாளி போனதும் அந்த வசதியும் போயிற்று. ஒரு துளி இரத்தம் பார்க்க ஒரு நாள் கூலியை இழந்து விதுராவுக்கு இறங்கு என்பது என்ன நியாயம்? 30 வயது கடந்தவர்களுக்குச் சோதனை செய்வது அரசுத் திட்டம். அது மலைக்கு மேலும் வரவேண்டும். மாதம் ஒரு நாள் லயத்துக்கே வந்து பார்க்கும்படி மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போடுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் வாசலில் நிற்கிறோம். 126-ஐத் தொட்டால் மறுபடி பார்த்து உறுதி செய்து வைத்தியம் தொடங்க வேண்டும். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்த பெண்கள், பெற்றோருக்கு வியாதி உள்ளவர்கள் தங்கள் பெயரை முதலில் கொடுங்கள்.