மின்மாற்றி எண்ணெயில் மறைந்திருக்கும் ஆபத்து

(பெங்களூரில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

தெருமுனை மின்மாற்றி பழுதுபட்டால் மின்சாரம் நின்றதுதான் மக்களுக்குத் தெரிகிறது. அதனுள் இருக்கும் எண்ணெயைப் பற்றி எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பி.சி.பி. எனப்படும் பாலிகுளோரினேற்ற பைபினைல்கள் 1929ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வணிக அளவில் தயாராயின. எளிதில் தீப்பற்றாமல் வெப்பத்தைத் தாங்கியதால் மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் உலகெங்கும் இடம்பெற்றன. எளிதில் சிதையாத அந்தக் குணமே பின்னர் தீங்காயிற்று. கொழுப்பில் கரையும் இவை உடலில் தங்குகின்றன. உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லச் செறிவு பெருகுகிறது. 1968இல் ஜப்பானில் தவிட்டு எண்ணெயில் இவை கலந்து ஏராளமானோர் நோயுற்றனர். தொழிற்சாலையே இல்லாத வடதுருவப் பகுதியிலும் இவை காணப்படுகின்றன.

ஆபத்தை மதிப்பிடும்போது மொத்த இருப்பை மட்டும் கணக்கிடுவது போதாது. பரவும் வழியையும் ஆராய வேண்டும். கலப்புற்ற எண்ணெயைச் சுத்திகரித்த இயந்திரத்தில் அடுத்த மின்மாற்றியின் எண்ணெயையும் செலுத்தினால், நல்ல எண்ணெயும் கெடுகிறது. பழைய மின்மாற்றி இரும்புக்கும் செம்புக்குமாக விற்கப்படும்போது எண்ணெய் மண்ணில் கொட்டப்படலாம். முதலில் பாதிக்கப்படுபவர் வெறுங்கையால் அதைப் பிரிக்கும் தொழிலாளியே. பழைய இரும்பின் விலையில் அவருடைய உடல்நலத்தின் விலை சேர்வதில்லை.

2001இல் உருவான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தை இந்தியா 2006இல் ஏற்றது. 2016ஆம் ஆண்டு மத்திய அரசின் ஆணை, பி.சி.பி. உற்பத்தியையும் இறக்குமதியையும் தடைசெய்து, பயன்பாட்டை முற்றிலும் நிறுத்த 2025 டிசம்பர் 31ஐக் கெடுவாக விதித்தது. இவற்றைப் பாதுகாப்பாக அகற்றும் தேசியத் திட்டத்தில், 1960இல் நிறுவப்பட்ட பெங்களூர் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் முக்கியப் பங்கு ஏற்றது.

எனினும் ஆணையால் மட்டும் எண்ணெய் தூய்மையாகிவிடாது. பி.சி.பி.யைக் கண்ணால் அறிய முடியாது. குளோரின் உள்ளதா என்று காட்டும் எளிய சோதனையை முதலில் செய்து, ஐயத்துக்குரிய மாதிரிகளை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் செலவு குறையும். பத்து லட்சம் பங்கில் 50 பங்குக்கு மேல் பி.சி.பி. இருப்பின், அந்த எண்ணெயைத் தனியே காத்து, உரிய முறையில் அழிக்க வேண்டும்.

எனவே, பழைய மின்மாற்றி எதுவும் சோதனைச் சான்றின்றி ஏலத்துக்கு வரலாகாது. சிறு பட்டறைகள் கலப்புற்ற எண்ணெயை ஒப்படைக்க இடமும் உதவியும் வேண்டும். இல்லையேல் அது சாக்கடையைத்தான் சேரும். ஏலத்துக்கு முன் செய்யும் சோதனைக்குச் சிறு தொகை போதும். மண்ணிலும் நீரிலும் கலந்தபின் அதை மீட்க எந்தத் தொகையும் போதாது.