பால் பருவத்தில் தந்தை



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தைப் பத்து வயதுக் குழந்தை என்று பாராட்டுவது விழா மேடைகளின் மரபு. பெற்றவர் யார், வளர்த்தவர் யார் என்று வாழ்த்துரைகள் சொல்லும். பாலூட்டியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. இவ்வுரை அந்தக் கேள்வியை வட்டத்திலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்ல முனைகிறது. பச்சிளங் குழந்தையின் பசி தீரும் இடத்தில் தந்தை எங்கே நிற்கிறான்? தமிழ்க் கவிதை அவனை எங்கே நிறுத்தியிருக்கிறது?

தந்தையின் மகிழ்ச்சியைத் தமிழ் பாடாமல் விட்டுவிடவில்லை. மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், குழந்தையின் சிறு கை அளைந்த கூழை அமிழ்தினும் மேலானதாகக் கருதுகிறார். புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையைக் கண்டு, அப்பேறு இல்லாதார்க்கு வாழ்நாளில் பயனில்லை என்றே முடிவு கட்டுகிறான். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். ஓரிடத்தில் கூழ், மற்றோரிடத்தில் சோறு. தந்தையின் இன்பம் தொடங்குவது குழந்தை சோற்றுக்கு வந்த பிறகே. அதற்கு முந்திய மாதங்களில், அதாவது பால் பருவத்தில், அவனைக் காணவில்லை.

காணாததற்குக் காரணம் உண்டு. பெற்று வளர்த்தல் தாயின் கடன் என்றும் சான்றோன் ஆக்குதல் தந்தையின் கடன் என்றும் பொன்முடியார் வகுத்த பங்கீடு, 312ஆம் புறப்பாட்டின் வழியே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாலின் பெருமையும் பழியும் தாய்க்கே உரியன. போர்க்களத்தில் மகன் புறமுதுகு காட்டினான் என்று கேட்ட முதியவள், அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறுகிறாள். அப்பாட்டில் மகனின் தந்தையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஐவகைத் தாயர் என்று ஒரு மரபு உண்டு: பாராட்டும் தாய், ஊட்டும் தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். குழந்தை வளர்ப்பு ஒருத்தியால் ஆகும் பணி அன்று என்பதை அந்த மரபு நன்கு உணர்ந்திருந்தது. ஆயினும் பணியை ஐந்தாகப் பகுத்தபோது அவற்றுள் ஒன்றைக் கூட அது தந்தைக்குக் கொடுக்கவில்லை.

இவ்வளவுதான் என்று ஏட்டை மூடிவிடலாம். ஆனால் குமணனைப் பாடிய இரண்டு பாடல்கள் மூட விடுவதில்லை.

ஒன்று பெருந்தலைச் சாத்தனார் பாடியது, புறநானூற்றில் 164ஆவது. சமையலை மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. வற்றிச் சுருங்கிய மார்பில் பால் வரும் துளையும் தூர்ந்துவிட்டது. குழந்தை ஒவ்வொரு முறை சுவைக்கும்போதும் அழுகிறது. தாய் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். நீர் நிறைந்த அவள் கண்ணைக் கணவன் பார்க்கிறான். பார்த்தவன் குமணனை நினைத்துப் புறப்படுகிறான். மற்றொன்று பெருஞ்சித்திரனார் பாடிய 160ஆம் பாட்டு. அங்கே பிள்ளை சற்று வளர்ந்தவன். வெறும் மார்பைச் சுவைத்து ஏமாந்தபின், கூழோ சோறோ இருக்குமென்று ஒவ்வொரு கலமாகத் திறந்து பார்த்து அழுகிறான். தாய் புலியைச் சொல்லி அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள், எதுவும் பயன் தராதபோது, உன் தந்தையின் மேல் உனக்குள்ள கோபத்தை எப்படிக் காட்டுவாய், காட்டு என்கிறாள். அந்தச் சொல்லைத் தன் பாட்டுக்குள்ளேயே பதித்து வைத்தவர் அந்தத் தந்தையேயாகிய புலவர்.

இவ்விரு பாடல்களும் பரிசில் கேட்பதற்காகப் பாடப்பட்டவை. வறுமையின் சித்திரங்கள் என்றே வகுப்பறைகளில் விளக்கப்படுகின்றன. அவை பால் பருவத்துத் தந்தையின் பாடல்கள் என்றும் படிக்கத்தக்கவை. அத்தந்தையரிடம் மூன்று செய்திகள் உள்ளன. குழந்தையின் அழுகைக்குத் தாயைக் குற்றவாளி ஆக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உற்றுப் பார்த்தார்கள். தம்மால் ஊட்ட இயலாத பாலுக்காகத் தம்மால் நடக்க இயன்ற தொலைவை நடந்தார்கள். சோற்றுப் பருவத்தில் பாண்டிய மன்னன் வருகிறான். பால் பருவத்தில் வருவோர் இரண்டு ஏழைப் புலவர்களே. அடுப்பெரியும் வீட்டில் ஆடவன் எட்டிப் பார்க்கத் தேவையில்லாத இடத்தை, அடுப்பணைந்த வீடு அவனுக்குக் காட்டிவிட்டது.

அவர்கள் கண்டதை இன்றைய மருத்துவம் வேறு சொற்களில் கூறுகிறது. குழந்தை சுவைக்கும்போது தாயின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து இரண்டு சுரப்புநீர்கள் வெளிப்படுகின்றன. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் உண்டான பாலை வெளியே செலுத்துகிறது. அச்சம், வலி, அவமானம், மனக்கலக்கம் ஆகியவை இரண்டாவதன் வேலையைத் தடுக்கும். மார்பில் பால் இருக்கும், இறங்காது. ஆகவே பிள்ளை பெற்றவளின் அருகில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் பாலைப் பற்றிய சொல்லே. அச்சொற்களுள் பெரும்பங்கு கணவனுடையது. அல்லது கணவன் தடுக்காமல் விட்டது.

பேறுகால விடுதி ஒன்றின் முதல் இரவை எண்ணிப் பார்க்கலாம். குழந்தை அழுகிறது. சுற்றியிருக்கும் பெரியவர்கள், இவளுக்குப் பால் ஊறவில்லை என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். தாழ்வாரத்தில் நிற்கும் இளைஞன் மருந்துக் கடைக்கு அனுப்பப்படுகிறான். தந்தையானபின் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஓட்டமாகப் போய் மாவுப்பால் டப்பாவும் புட்டியும் வாங்கி வருகிறான். தன்னால் ஆனதைச் செய்துவிட்ட நிறைவும் அடைகிறான். முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டுவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிப் பால். அந்த அளவு சீம்பால் பெரும்பாலான தாய்மாரிடம் உண்டு. இரண்டு முதல் நான்கு நாளுக்குள் பால் பெருகும். குழந்தை சுவைக்கச் சுவைக்கவே பெருகும். புட்டியால் வயிறு நிறைந்த குழந்தை சுவைப்பதைக் குறைத்தால் ஊற்றும் குறையும். இவற்றை அவனுக்கு எவரும் சொல்லவில்லை. பெண்கள் சமாசாரம் என்று பத்து மாதமும் அவன் வெளியில் நிறுத்தப்பட்டிருந்தான். வெளியில் நிற்பதை அவனும் வசதியாகவே கருதியிருந்தான்.

அந்த டப்பாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1860களில் ஜெர்மானிய வேதியியலாளர் ஜஸ்டஸ் வான் லீபிக் குழந்தைகளுக்கான செயற்கை உணவு ஒன்றை வகுத்தார். 1867இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் கலந்த உணவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தாயற்ற, பாலற்ற குழந்தைகளைக் காக்கத் தோன்றிய பொருள் நாளடைவில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆன பெரு வணிகமாயிற்று. தூய நீர் கிடைக்காத ஏழை நாடுகளில் அந்த வணிகம் விளைத்த கேட்டை எதிர்த்து 1970களில் இயக்கங்கள் எழுந்தன. 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1992இல் இந்தியா தனிச் சட்டம் இயற்றி, 2003இல் அதைத் திருத்தி, விளம்பரத்துக்கு முழுத் தடை விதித்தது. டப்பாவின் மேல் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருத்தலாகாது என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. ஆணின் படத்தையும் பெயர் சொல்லித் தடுக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. கவிஞர்கள் விட்ட இடத்தைச் சட்டம் எழுதியோரும் விட்டுவிட்டனர்.

தாய்ப்பாலே சிறந்தது என்பதில் ஐயம் இல்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஆறு மாதம் வரை வேறெதுவும் தராமல், பின்னர் மற்ற உணவுகளோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆயினும் நோயுற்ற தாய், உடலில் போதிய பால் சுரக்காத தாய், தாயை இழந்த குழந்தை, தத்தெடுக்கப்பட்ட குழந்தை ஆகியோர் இவ்வுலகில் உள்ளனர். அவர்களுக்கு மாவுப்பால் உயிர் காக்கும் பொருள். அந்த வீடுகளில் தாயின் மேல் எறியப்படும் கேள்வி ஒன்று உண்டு. அது தமிழுக்குப் பழகிய கேள்வி.

சீகாழிக் குளக்கரையில் அது கேட்கப்பட்டது. சிவபாத இருதயர் நீருள் மூழ்கியிருக்கும்போது மூன்று வயதுப் பிள்ளை அழுகிறது. உமையம்மை பொற்கிண்ணத்தில் பாலைக் கறந்து ஊட்டுகிறாள். கரையேறிய தந்தை, பிள்ளையின் வாயில் பாலைக் கண்டதும், இது யார் தந்தது, காட்டு என்று சிறுகோலை ஓங்குகிறார். பசி தீர்ந்ததா என்று அவர் கேட்கவில்லை. யாருடைய பால் என்பதே அவரது கவலை. பக்தி மரபு அக்கோலைப் பதிகம் பிறக்கக் காரணமான கோலாகக் கொண்டாடும், அது தகும். இன்றைய வீட்டில் அதே கோல் வேறு கைகளில் இருக்கிறது. ஏன் புட்டிப்பால், உன்னால் இது கூட முடியாதா என்று உறவினர் கேட்கும்போது, கணவனின் மௌனமும் ஓங்கிய கோலே. மாறாக, மார்பில் ஊட்டுகிறவளைப் பார்த்துப் பிள்ளை மெலிந்திருக்கிறதே என்று கூறும்போதும் அதே கோல்தான்.

சேக்கிழார் கதையை அங்கே நிறுத்தவில்லை. திருக்கோலக்காவுக்குப் போன பிள்ளையின் பாதம் நோகாதபடி அதே தந்தை தோளில் சுமந்து வருகிறார். கோலைப் பிடித்த கை பிள்ளையின் கால்களைப் பிடித்துக்கொண்டது. இந்த இரண்டு காட்சிகளுக்கு இடையே உள்ள தொலைவுதான் ஒரு தந்தை கடக்க வேண்டிய தொலைவு.

அக்கதையில் மற்றொரு நுட்பமும் உண்டு. உமையம்மையின் பால் கிண்ணத்தில் வந்தது. கறந்த பாலைக் கலத்தில் ஊட்டுவது இழுக்கு எனின் இறைவியே அதைச் செய்திருக்க மாட்டாள். தமிழ் வீடுகளில் சங்கும் பாலாடையும் அப்பணிக்கென்றே இருந்தன. குறைமாதக் குழந்தைக்குக் கறந்த தாய்ப்பாலைப் புகட்டப் பாலாடையை இன்று இந்திய மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன; ஆங்கில மருத்துவ ஏடுகளும் அதை அத்தமிழ்ப் பெயராலேயே குறிக்கின்றன. 1989இல் மும்பையின் சயன் மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கியபோது, பழைய முலைத்தாய் புதிய உருவில் திரும்பி வந்தாள். பாலாடையைப் பிடிக்க ஆண் கை போதும். மாவுப்பால்தான் வழி என்றால், நீரைக் கொதிக்கவைத்து, டப்பாவிலுள்ள கரண்டியைத் தலைதட்டி அளந்து, விலைக்கு அஞ்சித் தண்ணீரைக் கூட்டாமல், மீந்ததை அடுத்த வேளைக்கு வைக்காமல் கலக்கும் பொறுப்பு ஆண் மனத்துக்கும் இயல்வதே. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கிய கங்காரு முறை, எடை குறைந்த குழந்தையைத் தோலோடு தோலாக மார்பில் அணைத்துக் காப்பது. அதில் தந்தையின் மார்பும் பயன்படும். அங்கே பால் இல்லை, வெம்மை உண்டு.

ஆண் குரல் பால் பருவத்துக்குள் புகுந்த இடம் ஒன்று தமிழில் உண்டு. பெரியாழ்வார் யசோதையாகிக் கண்ணனை அம்மம் உண்ண அழைத்துப் பாடினார். துளசித் தோட்டத்தில் கிடைத்த பெண்குழந்தையைத் தம் மகளாக வளர்த்தவரும் அவரே. அந்தக் குழந்தை எந்தப் பாலைக் குடித்து ஆண்டாளாக வளர்ந்தது என்று கதை சொல்வோர் பொதுவாகச் சொல்வதில்லை. தாயின் குரலில் பாலூட்டப் பாடியவர், தந்தையின் குரலில் தம் மகளின் பசியைப் பாடியிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. அந்த அறைக்கு வெளியே பையையும் செருப்பையும் தண்ணீர்ப் புட்டியையும் சுமந்து ஒருவன் நிற்கிறான். வண்டி புறப்படும் ஓசை கேட்டும் அவன் கதவைத் தட்டவில்லை. அடுத்த வண்டியில் போகலாம் என்று இருக்கிறான். நள்ளிரவு மூன்று மணிக்கு மற்றொருவன், இது நாலாவது கரண்டியா ஐந்தாவதா என்று எண்ணிக்கை தவறி, கலந்ததைக் கொட்டிவிட்டு மீண்டும் முதலிலிருந்து அளக்கிறான். குமணனை நோக்கி நடந்த புலவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இவர்களைப் பற்றிய கவிதை தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை. எழுதப்பட்டால் அதைப் படிக்கும் இளைஞன் ஒருவன், தாழ்வாரத்திலிருந்து உள்ளே வரத் தனக்கும் உரிமை உண்டு என்று அறிவான். உள்ளே படுத்திருப்பவளும் ஒரு பழிச்சொல் குறைந்து உறங்குவாள்.

வட்டத்தின் பதினோராம் ஆண்டுக் கவியரங்கில் அத்தகைய கவிதை ஒன்றேனும் வாசிக்கப்படுமாயின் இவ்வுரை தன் பயனை அடையும்.