பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள்



கொல்லிமலைக்குக் கார் ஓட்டிப் போனவர்களுக்கு அந்த 70 கொண்டை ஊசி வளைவுகள் நினைவிருக்கும். நாமக்கல்லில் ஷெட் வைத்திருக்கிற எனக்கு அந்த மலை பெரிய ஒத்தாசை. டவுனுக்குள் ஒரு குறையும் காட்டாத கார், அங்கே பாதி ஏற்றத்தில் இழுவை இல்லாமல் திணறும். சமதரையில் இன்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், பாதி அடைத்த ஃபில்டரும் சமாளித்துவிடும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதுதான் குட்டு உடையும். ‘பிளக் மாத்தியாச்சு, ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, இன்னும் மிஸ்ஸிங் அடிக்குதுங்க’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ‘டேங்குக்குள்ள இருக்கிற ஃபில்டரை என்னைக்காவது பார்த்தீங்களா?’

அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கார்புரேட்டர் காலத்து மாருதி 800-இல் பெட்ரோல் ஃபில்டர் பானெட்டைத் திறந்தால் கண்ணில் படும். இன்று பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் மோட்டார், மிதவை, ஃபில்டர் மூன்றும் ஒரே கூட்டாக டேங்குக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. மோட்டாரின் வாயில் ஒரு வலைப்பை, அது பெரிய தூசியைப் பிடிக்கும். மோட்டாரைத் தாண்டினால் மடிப்பு மடிப்பாகக் காகிதம். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால், பத்து மைக்ரான் அளவுள்ள துகளைக்கூட நிறுத்துவதற்காகச் செய்த காகிதம் அது. இஞ்செக்டரின் துளைகள் அவ்வளவு நுணுக்கமானவை.

இதை வீட்டிலேயே மாற்றலாமா? சில கார்களில் மாற்றலாம். பின்சீட்டைத் தூக்கினால் தரையில் ஒரு மூடி தெரியும், அதன் கீழே மோட்டாரின் தலை. மூடியே இல்லாத கார்களும் உண்டு, அவற்றில் டேங்கையே இறக்கியாக வேண்டும். உங்களுடையது அந்த ரகமா? சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டு ஷெட்டுக்குப் போங்கள். தரையை அறுத்து நானே ஒரு மூடி செய்துகொள்கிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள், கீழே இருப்பது பெட்ரோல். இன்னொன்று, சில கார்களுக்கு ஃபில்டர் தனியாகக் கிடைக்காது, மொத்தக் கூட்டாகத்தான் விற்பார்கள். கழற்றுவதற்கு முன்பே பார்ட்ஸ் கடையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேயர்களே, ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல அனுமதியுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தரையாக ஊர்ந்து போய் அடுத்த அறையில் எரியும் பூஜை விளக்கைத் தொடும், சமையலறை அடுப்பைத் தொடும். குளிர் நாளில்கூட அது பற்றிக்கொள்ளும். அதனால் போர்ட்டிகோவில் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். நான்கு கதவும் திறந்திருக்கட்டும், தீயணைப்பு சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டேங்கில் கால்வாசிக்கும் குறைவாக இருக்கிற நாளாகப் பாருங்கள். நிறைய இருக்கிறதே என்று டியூப் போட்டு வாயால் உறிஞ்சவே கூடாது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலும் ஆஸ்பத்திரிதான்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரம் ஓடுகிறது. மோட்டாரின் பியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓட விடுங்கள், லைனில் இருக்கிற பிரஷர் தீர்ந்து அதுவாக நின்றுவிடும். பிறகு சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் அதைத் திறந்து, கூட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் லாக் ரிங்கைத் திருக வேண்டும். திருக மரக்கட்டையோ பித்தளைக் கம்பியோ போதும், இரும்பு உளி பொறி கிளப்பும். கூட்டை நேராகப் பிடுங்காமல் சாய்த்து எடுங்கள், மிதவைக் கம்பி வளைந்தால் பெட்ரோல் முள் அதற்கப்புறம் பொய்தான் சொல்லும். பழைய ரப்பர் காஸ்கெட் வெளியே வந்ததும் ஊதிப் பெருத்துவிடும், திரும்பப் பள்ளத்தில் உட்காராது. புதியதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

இறக்கிய பழைய ஃபில்டரை உடனே குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. அதில் மிச்சமிருக்கும் பெட்ரோலை, உள்ளே வரும் வழியாகவே, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். அழுக்கு தங்குவது அந்தப் பக்கம்தான். தட்டில் கறுப்புத் துணுக்குகள் விழுந்தால் எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உரிகிறது. கீழே தனியாக முத்து முத்தாக ஏதாவது உருண்டால் தண்ணீர். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து டேங்கின் அடிக்குப் போய்விடும், மோட்டார் உறிஞ்சுவதோ அடியிலிருந்து.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கார் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதோடு சரி. அதன் வலைப்பையில் பலாப்பிசின் மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது, பழைய வார்னிஷ் வாசனை வேறு. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் அப்படித்தான் ஆகும். ‘ஓட்டாம பத்திரமா வெச்சிருந்தேனே தம்பி’ என்றார். டேங்கை நிரப்பி வைக்காமல் கொஞ்சமாகப் போட்டு அடிக்கடி ஓட்டுங்கள் சார் என்று சொல்லி அனுப்பினேன்.

தோட்டக்காரர் ஒருவரின் காரில் கிடைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஃபில்டருக்குள் செந்துரு. ஆனால் அந்தக் காரின் டேங்க் பிளாஸ்டிக்! துரு எங்கிருந்து வரும்? ‘பெட்ரோல் எங்கண்ணா போடறீங்க?’ என்றேன். ‘பங்க்லதானுங்க தம்பி, வேறெங்க?’ என்றார். டீ வந்தது, பேச்சு மருந்தடிக்கிற மிஷினுக்குத் திரும்பியது. நாலு ஸ்ட்ரோக் மிஷின், ஆயில் கலக்காத பெட்ரோல், அதற்காகத் தோட்டத்தில் ஒரு பழைய இரும்பு கேன். ‘மிச்சமானா காருல ஊத்திக்குவேனுங்க’ என்றார் சாதாரணமாக. அந்தக் கேனைக் கொண்டுவரச் சொன்னேன். அடியில் அதே செம்மண் நிறம். கேனை மாற்றாமல் ஃபில்டரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால், கொஞ்ச நாளில் அதே திணறலோடு அவர் திரும்பி வந்திருப்பார்.

காகிதத்தை விரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், திறந்த வெளியில் நன்றாகக் காயவிட்ட பிறகு கையால் ரம்பம் போட்டு அறுங்கள். கிரைண்டர் பக்கமே போகாதீர்கள்.

வாடகைக் கார் ஓட்டும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ரிசர்விலேயே ஓட்டுகிறீர்கள், புரிகிறது, அன்றன்றைய சவாரியில்தான் பெட்ரோல். ஆனால் டேங்குக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர வைப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான். பின்சீட்டுக்கு அடியிலிருந்து ‘ங்ஙொய்ய்’ என்று சத்தம் கேட்க ஆரம்பித்தால் இன்னும் நூறு ரூபாய்க்காவது சேர்த்துப் போடுங்கள்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள். மாட்டி முடித்தவர்கள் பியூஸையும் பேட்டரி வயரையும் மறக்காமல் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை ஆன் ஆஃப் செய்யுங்கள், லைனில் பெட்ரோல் ஏறும். எங்கும் கசியவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு சீட்டை மாட்டுங்கள். அடுத்த முறை கொல்லிமலை ஏறும்போது உங்கள் கார் என் ஷெட்டை நினைக்காமல் ஏறட்டும்.