அக்காளுக்கும் ஒரு பாடம்



பலாங்கொடைத் தோட்டங்களில் தாய் கொழுந்தெடுக்கச் செல்லும்போது கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவுக்குச் செல்கிறது. மாலையில் அதை இடுப்பில் சுமப்பவள் பெரும்பாலும் பள்ளி செல்லும் அக்காள். வளர்க்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்த நாம், வளர்ச்சியைப் பற்றிய அறிவை இன்னும் கொடுக்கவில்லை.

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்தோர் மூளையின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கே. 3 வயதுக்குள் அது முக்கால் பங்கைக் கடந்துவிடும். அப்பருவத்தில் சத்துணவைப் போலவே பேச்சும் தேவை. மழலைக்கு மறுமொழி கூறக் கூறவே குழந்தைக்கு மொழி வளர்கிறது.

நம் நாட்டில் 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவில், சிறுவர் உளவியலும் பராமரிப்பும் ஒரு பாடமாயிற்று. நன்று. ஆயினும் அது 12ஆம் தரத்தில் வருகிறது. அதற்கு முன்னரே பள்ளியை விட்டகலும் தோட்டப் பிள்ளைகள் பலர். ஆகவே, சாதாரண தர வகுப்புகளிலேயே இவ்வறிவு எல்லோருக்கும் கிட்டவேண்டும். நாளைய தந்தையராகிய ஆண்பிள்ளைகளும் இதைக் கற்கவேண்டும். தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காளை வீட்டில் நிறுத்துவதற்கு இப்பாடம் சாக்காகிவிடலாகாது.

மாணவரைப் பிள்ளைக்காம்பராவுக்கு அழைத்துச் சென்று, எக்குழந்தை எப்போது தவழ்கிறது, எப்போது முதற்சொல் சொல்கிறது என்று குறித்துவரச் செய்யலாம். அதற்கு ஆகும் செலவு ஒரு குறிப்பேடு மட்டுமே.